அலுவலகப் படிப்பு, சமூகவியல், சமூகப்பணி: எந்தப் படிப்பு எந்த வேலைக்கு?



பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து நம் அறக்கட்டளைக்குக் கல்வி உதவி விண்ணப்பங்கள் வரத் தொடங்கிவிடும். 'எந்தப் படிப்பு?' என்ற கட்டத்தில் இன்ஜினியரிங், நர்சிங், பி.காம். என்று எழுதுகிறவர்களுக்கு அந்தப் படிப்பு முடிந்தால் என்ன வேலை என்பது ஓரளவு தெரிந்திருக்கிறது. கலைப் பிரிவில் சேரும் பிள்ளைகளின் நிலை அப்படியில்லை. 'சோஷியாலஜி', 'சோஷியல் ஒர்க்', 'சோஷியல் சர்வீஸ்', 'ஆபீஸ் மேனேஜ்மெண்ட்', 'செக்ரட்டரிஷிப்' என்று எழுதுகிறார்கள். இவற்றுக்குள் என்ன வேறுபாடு என்று கேட்டால் பிள்ளைக்கும் தெரிவதில்லை, அழைத்து வந்த பெற்றோருக்கும் தெரிவதில்லை. "சீட் கிடைச்சது, சேர்த்துட்டோம்" என்பதுதான் பதில்.

இந்தப் படிப்புகள் மட்டமானவை அல்ல. ஆனால் பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்தாலும் அவை கொண்டுசேர்க்கும் வேலைகள் வேறு வேறு. மூன்று வருடம் படித்த பிறகு, "இந்தப் பதவிக்கு உங்கள் பட்டம் பொருந்தாது" என்று கேட்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது. எனவே முதலில் வேலையைப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே கல்லூரியைத் தேட வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அலுவலக நிர்வாகம்

ஓர் அலுவலகம் ஓடுவதற்குக் கடிதம் எழுதவும், கோப்புகளைப் பராமரிக்கவும், கணக்குப் பதியவும், கூட்டக் குறிப்பு எடுக்கவும், வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவும் ஆட்கள் வேண்டும். இதற்கான படிப்பு பல படிகளில் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் அலுவலக மேலாண்மை ஒரு பாடம். பாலிடெக்னிக் கல்லூரிகள் சிலவற்றில், குறிப்பாக மகளிர் பாலிடெக்னிக்குகளில், 'மாடர்ன் ஆபீஸ் பிராக்டிஸ்' என்ற மூன்று வருட டிப்ளோமா உண்டு. கலைக் கல்லூரிகளில் பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் என்ற பட்டம் இருக்கிறது.

இதில் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் முடித்தவர் 'கம்பெனி செக்ரட்டரி' ஆகிவிட மாட்டார். கம்பெனி செக்ரட்டரி என்பது சி.ஏ. போன்ற தனித் தொழில் தகுதி. அதற்கான தேர்வுகளை இந்திய கம்பெனி செக்ரட்டரிகள் நிறுவனம் நடத்துகிறது. நுழைவு நிலை, எக்ஸிகியூட்டிவ், புரொஃபஷனல் என்று படிப்படியாகத் தேற வேண்டும், பயிற்சியும் பெற வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிலும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களிலும் முழுநேரக் கம்பெனி செக்ரட்டரி இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பி.காம். படித்துக்கொண்டே அந்தத் தேர்வுகளுக்கும் பதிந்துகொள்ளும் பிள்ளைக்கு இது நல்ல வழி. பட்டம் மட்டும் போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அரசு வேலையைக் குறிவைப்பவர்களுக்குப் பட்டத்தைவிட முக்கியமான ஒன்று தட்டச்சுச் சான்றிதழ். டைப்பிங் பழைய காலத்து விஷயம் என்று நம் வாலிபர்கள் ஒதுக்குகிறார்கள். ஆனால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பதவிகளோடு தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளும் சேர்ந்தே வருகின்றன. அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் வேண்டும், அல்லது ஒன்றில் ஹையரும் மற்றதில் லோயரும் வேண்டும். இந்தச் சான்றிதழ் இருப்பவர்கள் மட்டுமே அந்தப் பதவிக்குப் போட்டியிட முடியும் என்பதால் போட்டியிடும் கூட்டம் அங்கே சிறுத்துவிடுகிறது.

இந்தத் தேர்வுகளைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. ஆங்கிலத் தட்டச்சில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல் என்ற வேகம் வேண்டும். சுருக்கெழுத்தில் லோயருக்கு 80, ஹையருக்கு 120. இதே இயக்ககம் 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' என்ற கணினிச் சான்றிதழ்த் தேர்வையும் நடத்துகிறது. தட்டச்சர் பணிக்குத் தேர்வாகும்போது அது இல்லாவிட்டாலும் தகுதிகாண் பருவத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கல்லூரிக்குப் போகும் மூன்று வருடத்தில் காலை ஒரு மணி நேரம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனாலே இவை எல்லாம் கைக்கு வந்துவிடும்.

குரூப் 4 எழுத்துத் தேர்வில் மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். இதில் 100 வினாக்கள் தமிழ்ப் பகுதி. அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். வீட்டில் உருது பேசி, பள்ளியில் ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் இதை மனதில் வைத்துத் தமிழ் இலக்கணத்தை இப்போதே படிக்கத் தொடங்க வேண்டும்.

தனியார் அலுவலகத்திலும் வளைகுடாவிலும் வேறு விஷயங்களைக் கேட்பார்கள். எக்ஸெல், டேலி, ஜி.எஸ்.டி. பதிவு, பிழையில்லாமல் ஓர் ஆங்கிலக் கடிதம் எழுதும் திறமை ஆகியவைதான் அங்கே பேசும். வளைகுடா நாடுகளில் அலுவலகப் பணிக்கான விசாவுக்குப் பட்டச் சான்றிதழை மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் பெறச் சொல்வார்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய பட்டம் முதல் படியிலேயே நின்றுவிடும்.

சமூகவியல்

சோஷியாலஜி என்பதுதான் சமூகவியல். குடும்பம், திருமணம், சாதி, மதம், கிராமம், நகரம், வறுமை, குடிபெயர்வு இவை எப்படி இயங்குகின்றன என்று ஆராயும் கல்வி இது. இந்தியாவில் இதற்கான முதல் பல்கலைக்கழகத் துறை 1919இல் பம்பாயில் தொடங்கியது. ஐரோப்பாவில் இந்தக் கல்வி உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, துனிஸில் பிறந்த இப்னு கல்தூன் (1332–1406) தம் 'முகத்திமா' நூலில் ஒரு கூட்டத்தார் எதனால் ஒன்றுபட்டு எழுகிறார்கள், ஆட்சி கிடைத்த பின் எதனால் சரிகிறார்கள் என்று காரண காரியத்தோடு எழுதினார். 'அஸபிய்யா' என்று அவர் குறித்த குழுப்பிணைப்பை இன்றும் சமூகவியல் வகுப்புகளில் பேசுகிறார்கள். மதரஸாவில் அவர் பெயரைக் கேட்ட பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் அந்நியமாக இருக்காது.

இந்தக் கல்வியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். நீதியரசர் ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006இல் அறிக்கை கொடுத்தது. 2001 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டின் எழுத்தறிவு 65.1 சதவீதம், முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம் என்று அது எடுத்துக்காட்டியது. பள்ளி, வங்கிக் கடன், அரசு வேலை என்று ஒவ்வொன்றையும் எண்ணிக்கையாக வைத்தது. அதற்கு முன்பு மேடைகளில் நாம் பேசியது குறையாகவே நின்றது. கணக்கோடு வைத்தபோது நாடாளுமன்றத்தில் அது பேசுபொருளானது. இப்படி எண்ணவும், கேள்வித்தாள் தயாரிக்கவும், வீடுவீடாகக் கேட்டுத் தொகுக்கவும், தொகுத்ததிலிருந்து முடிவு சொல்லவும் சமூகவியல் கற்றுத்தருகிறது. சென்னையை அடுத்த பல்லாவரத்தின் முஸ்லிம் வணிகர்களைப் பற்றி மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1972இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். நம் தெருக்களின் கதையை நம் பிள்ளைகளும் இப்படி ஆராய்ந்து எழுதலாம்.

ஆனால் பெற்றோர் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பி.ஏ. சமூகவியல் நேராக ஒரு குறிப்பிட்ட வேலைக்குக் கொண்டுபோகும் தொழிற்படிப்பு அல்ல. அடுத்த படிக்கான அடித்தளம் அது. அதன் பிறகு எம்.ஏ. படித்து நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் ஆகலாம். எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். மூன்று வருட சட்டப் படிப்புக்குப் போகலாம். ஆய்வு நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் கள ஆய்வாளராகலாம். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் ஏராளம். பட்டப்படிப்பு தகுதியாக உள்ள குரூப் 2 போன்ற எல்லாத் தேர்வுகளையும் எழுதலாம்.

பி.எட். படித்து ஆசிரியை ஆகலாம் என்று நினைத்து இதில் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டு பி.எட். சேர்க்கை விதிகளில் சமூகவியல், பொருளியல், வணிகவியல், உளவியல் போன்ற பாடக்காரர்களிடம் முதுகலைப் பட்டமும் கேட்கிறார்கள். ஆசிரியப் பணிதான் நோக்கம் என்றால் தமிழ், ஆங்கிலம், வரலாறு, கணிதம் போன்ற பள்ளிப் பாடங்களில் பட்டம் பெறுவதே குறுக்கு வழி.

சமூகப்பணி

பெரிய குழப்பம் இங்கேதான். மழை வெள்ளத்தில் சாப்பாடு கொடுப்பது, ரத்த தானம் ஏற்பாடு செய்வது, ஜனாஸா வேலைகளுக்கு ஓடுவது எல்லாம் சமூக சேவை. அதற்கு நல்ல மனம் போதும். சமூகப்பணி என்பது பயிற்சி பெற்றுச் செய்யும் ஒரு தொழில். இளநிலையில் பி.எஸ்.டபிள்யூ. மூன்று வருடம், முதுநிலையில் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருடம். வேலைச் சந்தையில் எடை உள்ளது எம்.எஸ்.டபிள்யூ.தான். இதில் சேர எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் போதும். பி.காம்., பி.ஏ. அரபி, பி.எஸ்ஸி. படித்தவர்களும் சேரலாம். பி.எஸ்.டபிள்யூ. கிடைக்கவில்லையே என்று பிளஸ் டூ முடித்த பிள்ளை கவலைப்பட வேண்டியதில்லை.

இந்தியாவில் இதற்கான முதல் கல்வி நிறுவனம் 1936இல் பம்பாயில் தொடங்கியது. அதுவே இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். தமிழ்நாட்டில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் உருவானது. அது இன்றும் எழும்பூரில் இயங்குகிறது. மதுரை, திருச்சி, கோவையிலும் இந்தப் படிப்பு பல வருடங்களாக நடக்கிறது.

மருத்துவமனை வார்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சிறுநீரகத்தைப் பார்க்கிறார். அந்த வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான், மூத்த மகன் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போய்விட்டான், காப்பீட்டு அட்டையில் பெயர் தவறாக இருக்கிறது, மனைவி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பதையெல்லாம் யார் கேட்பது? அதைக் கேட்டு, எந்த அலுவலகத்தில் என்ன தாளைக் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டி, குடும்பம் சிதறாமல் பார்ப்பவர் மருத்துவ சமூகப்பணியாளர். தனிநபரோடு வேலை செய்வது, குழுவோடு வேலை செய்வது, ஊரை ஒருங்கிணைப்பது என்ற மூன்றும் இந்தப் படிப்பின் அடிப்படை முறைகள். வகுப்போடு சேர்த்து வாரத்தில் சில நாட்கள் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி, தொழிற்சாலை என்று களப்பயிற்சி கட்டாயம்.

எம்.எஸ்.டபிள்யூ.வில் பொதுவாக நான்கு சிறப்புப் பிரிவுகள் உண்டு. எதை எடுக்கிறோமோ அதற்கேற்பத்தான் வேலை அமையும்.

மருத்துவம், மனநலம்: மருத்துவமனைகள், போதை மீட்பு மையங்கள், மனநலத் திட்டங்கள். மனநல சமூகப்பணியாளராகப் பதிவு பெற எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் அந்தத் துறைக்கென்றே உள்ள எம்.ஃபில். பட்டமும் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் இதில் பெயர்பெற்ற நிறுவனம்.

குடும்பம், குழந்தை நலம்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, ஒருங்கிணைந்த சேவை மையம் ஆகியவை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அமையும் குழந்தைகள் நலக் குழுவில் தலைவரோடு நான்கு உறுப்பினர்கள் இருப்பார்கள். அந்தப் பொறுப்புக்குச் சட்டம் குறிப்பிடும் படிப்புகளில் சமூகப்பணியும் சமூகவியலும் உண்டு. குழந்தைகளுக்கான பணியில் பல வருட அனுபவமும் வேண்டும்.

சமுதாய வளர்ச்சி: தொண்டு நிறுவனங்கள், மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டங்கள், பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்புத் துறை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று சொன்னதிலிருந்து இந்தத் துறை வளர்ந்திருக்கிறது.

மனிதவளம், தொழிலாளர் நலம்: தொழிற்சாலைகள். 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஆரம்பச் சம்பளம் ஓரளவு நன்றாக இருப்பது இந்தப் பிரிவில்தான். ஆண் பிள்ளைகள் பலரும் இதை எடுக்கிறார்கள்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அரசுத் திட்டங்களில் பல பதவிகள் ஒப்பந்த அடிப்படையில்தான் வருகின்றன. தொண்டு நிறுவனங்களில் முதல் சில வருடங்கள் சம்பளம் குறைவு. வீட்டின் முழு பாரமும் ஒரே பிள்ளை மீது இருந்தால் மனிதவளப் பிரிவை எடுப்பதோ, தட்டச்சும் குரூப் தேர்வும் கூடவே வைத்துக்கொள்வதோ நல்லது.

பெண் பிள்ளைகளும் களப்பயிற்சியும்

"வயசுப் பொண்ணை எங்கெல்லாமோ அனுப்புவாங்களாமே" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். களப்பயிற்சி பகல் நேரத்தில், கல்லூரி ஏற்பாடு செய்த நிறுவனத்தில், ஒரு மேற்பார்வையாளரின் பொறுப்பில் நடக்கும். எந்த இடம், யார் பொறுப்பு, எப்படிப் போய்வருவது என்று கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் அனுப்புங்கள்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீட்டில் அடிபடும் ஒரு பெண், தலாக் விவகாரத்தில் தவிக்கும் ஒரு பெண், தன் குழந்தைக்கு நடந்த கொடுமையை வெளியே சொல்ல முடியாத ஒரு தாய், இவர்கள் ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்து நாலு ஆண்கள் முன்னால் உட்கார்ந்து பேச முடியுமா? பேசினாலும் அன்று மாலைக்குள் தெருவெல்லாம் பரவிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு. சமூகப்பணி படித்தவருக்கு முதலில் கற்றுத்தரும் ஒழுக்கங்களில் ஒன்று ரகசியம் காப்பது. சொன்னதை அமானிதமாக வைத்துக்கொண்டு, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் எப்படிப் போவது, பிள்ளைகளின் பராமரிப்புத் தொகையை எப்படிக் கேட்பது என்று சொல்லித்தரப் பயிற்சி பெற்ற ஒரு பெண் நம் மஹல்லாவிலேயே இருந்தால் எத்தனை குடும்பங்கள் காப்பாற்றப்படும்! டாக்டரும் இன்ஜினியரும் நமக்குத் தேவை. இந்தப் பெண்ணும் அதே அளவுக்குத் தேவை.

மதரஸா மாணவர்களுக்கு

ஹிஃப்ள் அல்லது ஆலிம் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ தனித்தேர்வராகவோ எழுதி முடித்துவிட வேண்டும். ஆலிம் சனதைச் சில மத்தியப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்கு ஏற்றுக்கொண்டாலும், தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையைத்தான் பார்ப்பார்கள். வரிசை மாறிய பட்டம் பிறகு தொந்தரவாகும். இமாமாகப் பணிபுரிந்துகொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி, சமூகவியல் இரண்டும் உண்டு. மக்களின் கஷ்டங்களைத் தினமும் கேட்கும் ஓர் ஆலிமுக்குச் சமூகப்பணி மிகவும் பொருந்தும் படிப்பு.

ஏமாறாமல் இருக்க

சென்ற சில வருடங்களில் நம் அலுவலகத்துக்கு வந்த சான்றிதழ்களில் மனதை வருத்தியது ஒன்று. ஒரு தனியார் மையம் 'சமூக சேவை டிப்ளோமா' என்று ஒரு வருடப் படிப்பு நடத்தி, மருத்துவமனையில் வேலை நிச்சயம் என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறது. நகையை விற்றுக் கட்டிய பணம். அந்தச் சான்றிதழை எந்த மருத்துவமனையும் ஏற்கவில்லை. இப்படி நடக்காமல் இருக்கச் சேர்வதற்கு முன் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? அது பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா? போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அந்தக் குழுவே வெளியிடுகிறது.

2. சான்றிதழில் படிப்பின் பெயர் என்னவென்று அச்சாகும்? 'எம்.எஸ்.டபிள்யூ.' கேட்கும் இடத்தில் 'எம்.ஏ. சமூக சேவை' என்பது போன்ற பெயர் சிக்கலைத் தரலாம்.

3. தொலைநிலைப் படிப்பு என்றால் அந்த ஆண்டுக்கு, அந்தப் பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா?

4. பிள்ளை விரும்பும் பதவியின் பழைய வேலை அறிவிப்பு ஒன்றை எடுத்து, அதில் கேட்டிருக்கும் தகுதியோடு இந்தப் படிப்பை ஒப்பிட்டீர்களா?

5. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கல்லூரியின் பெயரில் ரசீது கிடைக்குமா?

இட ஒதுக்கீடும் உதவித்தொகையும்

தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கினி முஸ்லிம், அன்சர், துதேகுலா, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினர் இதில் வருகிறார்கள். சாதிச் சான்றிதழில் இந்தப் பிரிவின் பெயர் சரியாக இருக்க வேண்டும். 'முஸ்லிம்' என்று மட்டும் போட்ட சான்றிதழ் உதவாது. பள்ளிச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தகப்பனார் பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிக் காலத்திலிருந்து பதவிக்கான கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பள்ளியை விட்டு வரும்போதே அதற்கான சான்றிதழை வாங்கி வையுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்துக் கல்லூரி செல்லும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. கலைப் படிப்புகளுக்கும் பொருந்தும். அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் குறைவு என்பதால், இந்தத் தொகையிலேயே பஸ் செலவும் புத்தகச் செலவும் அடங்கிவிடும்.

விண்ணப்பிக்கும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுங்கள். கணக்கும் ஒழுங்கும் பிடித்த பிள்ளையா, படித்து ஆராய்வதில் ஆசையா, மனிதர்களின் கஷ்டத்தைக் கேட்கப் பொறுமை உண்டா என்று பாருங்கள். முதலாவதற்கு அலுவலக நிர்வாகம், இரண்டாவதற்குச் சமூகவியல், மூன்றாவதற்குச் சமூகப்பணி. பதில் தெரியாவிட்டால் பிள்ளையையும் மதிப்பெண் பட்டியலையும் அழைத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். பணம் கட்டிய பிறகு வருவதைவிட அதற்கு முன்பு வருவது நல்லது. இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்